வீட்டுக்கு வந்த மேற்கு ஆப்பிரிக்க முகமூடி: பார்க்கும் முறையும் பேணும் முறையும்

முகமூடி கைக்கு வந்தவுடன் அதன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னர், அதைத் திருப்பி உட்குழிவைப் பாருங்கள். பாடசாலையில் சித்திரம் கற்பித்த காலத்திலிருந்து என்னிடம் இத்தகைய மரமுகமூடிகளைக் கொண்டுவந்து காட்டியவர்கள் பலர். திருகோணமலை துறைமுக ஊர். இங்கிருந்து கப்பல் வேலைக்குச் சென்ற பிள்ளைகள் அபிஜான், லாகோஸ், டக்கார் எனக் கரைதொட்ட இடங்களில் வாங்கி, உடுப்புகளுக்கு நடுவில் பொதிந்து கொண்டுவந்தவை அவை. கொண்டுவருபவர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: இது என்ன, இதை எங்கே மாட்டுவது. முதற்கேள்வியைத் தீர்க்காமல் இரண்டாவதற்கு விடை சொல்வது பிழை என்பதால், இந்த வழிகாட்டியை உட்குழிவிலிருந்தே தொடங்குகிறேன்.

முகமூடியை எப்போதும் இரு கைகளாலும் அடிப்பகுதியில் தாங்கி எடுக்க வேண்டும். கொம்பையோ காதையோ மூக்கையோ பிடித்துத் தூக்கக் கூடாது. மரத்தின் இழைக்குக் குறுக்காகச் செதுக்கப்பட்ட கொம்பு பாரத்தைத் தாங்காமல் முறிந்துவிடும். மடித்த துணி விரித்த மேசையில் குப்புற வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு கைவிளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். உட்புறத்தில் சிறு சிறு பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். அவை வாய்ச்சியின் கொத்துத் தடங்கள். மேற்கு ஆப்பிரிக்கச் செதுக்குநரின் தலையாய கருவி உளியன்று, வாய்ச்சியே. வள்ளம் கட்டும் தச்சரின் கையில் நாம் கண்டிருக்கும் அதே இனத்துக் கருவியைக் கொண்டுதான் அவர் ஒற்றை மரத்துண்டிலிருந்து முகத்தின் பெரும்பகுதியை வெளிக்கொணர்கிறார். கண்ணும் உதடும் முடியலங்காரமும் வருகிறபோதுதான் கத்தியும் உளியும் வருகின்றன. நைஜீரியாவின் யொரூபாச் செதுக்குநர்கள் இவ்வேலையை நான்கு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்: உருவத்தைப் பருமனாக வெட்டி ஒதுக்குதல், அந்தப் பருமனைத் தலை, கழுத்து, உடல் என்று பிரித்தல், மேற்பரப்பை வழவழப்பாக்குதல், இறுதியாக நுண்கோடுகளை வெட்டுதல். முதற்கட்டத்தில் விட்ட பிழையைப் பிற்கட்டத்தில் திருத்த முடியாது என்பதால், மூத்த ஆசான் முதலாவதைத் தாமே செய்து, வழவழப்பாக்கும் வேலையை மாணாக்கரிடம் விடுவதுண்டு.

தடங்களைப் பார்த்த பின்னர் துளைகளைப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிச் சிறு துளைகள் இருந்தால், அவற்றில் நாரும் துணியும் கோக்கப்பட்டு ஆடை தொங்கியிருக்க வேண்டும். பயன்பட்ட முகமூடியில் கயிறு உராய்ந்த பக்கம் மழுங்கியிருக்கும். நெற்றியும் மூக்கும் தாடையும் பட்ட இடங்கள் வியர்வையால் கறுத்து மினுங்கும். புர்க்கினா பாசோவின் புவா மக்களுடைய பலகை முகமூடிகளை ஆடுபவர், ஒரு தடித்த நார்க்கயிற்றைப் பின்னாலிருந்து பற்களால் கடித்தே நிலைநிறுத்துகிறார். தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாக எழும் பலகையை அவர் சுழற்றி ஆடும்போது அதன் பாரம் முழுவதும் கழுத்தும் தாடையும் தாங்க வேண்டியதாகிறது. உட்புறத்தைப் பார்க்காமல் முன்புறத்தை மட்டும் இரசிப்பவர் இந்த உழைப்பை அறியவே மாட்டார்.

அடுத்து, அது எங்கே அணியப்பட்டது என்பதைத் தீர்மானியுங்கள். முகத்தின் முன் கட்டுவது ஒரு வகை. தலை முழுவதையும் கவிந்து தோள்வரை இறங்குவது இன்னொரு வகை. உச்சந்தலையில் தொப்பிபோல அமர்ந்து, அணிந்தவரின் முகத்தைத் துணியாலோ நாராலோ மறைப்பது மூன்றாவது. மூன்றாவது வகையைத்தான் நம்மவர்கள் முகமூடி என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். மாலி நாட்டின் பமானா மக்களுடைய சிவாரா இதற்குச் சிறந்த சான்று. மானின் கொம்பும் எறும்புதின்னியின் உடலும் கலந்த அந்தச் சிற்பம் பின்னல் தொப்பியொன்றின் மேல் பொருத்தப்பட்டு, ஆணும் பெண்ணுமாக இணைசேர்ந்து ஆடும். உழவைக் கற்றுக்கொடுத்ததாகக் கருதப்படும் தெய்விக உயிரை அது போற்றுகிறது. பெண் உருவின் முதுகில் ஒரு குட்டி இருக்கும். சிவாரா ஒன்று தனியாக உங்களிடம் வந்திருந்தால், அதன் துணை வேறெங்கோ இருக்கிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பமானா மக்களிடையே மரம் செதுக்குபவர் இரும்படிக்கும் கொல்லரேயாவார். கொல்லரும் தச்சரும் ஒரே கம்மாளர் குலத்தில் அடங்குவர் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்குவது கடினமன்று.

இனி முகத்தைப் பார்க்கலாம். ஆனால் படுக்கவைத்து மேலிருந்து பார்ப்பதால் பயனில்லை. ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உங்கள் தலைக்குச் சற்று மேலாக, முன்னோக்கிச் சிறிது சாய்த்து நிறுத்துங்கள். நீங்கள் பத்து அடி தள்ளி நின்று, அதை மெதுவாக இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும் முற்றம் இதற்கு ஏற்றது. கண்ணிமைக்குக் கீழே நிழல் ஏறி இறங்குவதையும், மூடிய வாய் ஒரு கோணத்தில் புன்னகைபோலவும் மறுகோணத்தில் கண்டிப்பாகவும் மாறுவதையும் அப்போதுதான் காண்பீர்கள். செதுக்குநர் கணக்கிட்டது இந்த அசைவைத்தான்.

கண்களை வாசிக்கும்போது அழகை மட்டும் கருதாமல் தொழிலையும் கருதுங்கள். லைபீரியாவிலும் ஐவரி கோஸ்டிலும் வாழும் டான் மக்களிடம் அகன்ற வட்டக் கண்களைக் கொண்ட முகமூடிகள் ஓட்டப்பந்தயத்துக்குரியவை. அணிந்தவர் தடையின்றிப் பார்த்து ஓட வேண்டும் என்பதே அந்த வட்டத்தின் காரணம். ஒடுங்கிய கண்களும் முட்டை வடிவ முகமும் கொண்டவை மென்மையான பெண் இயல்புடையவை. தீட்சை பெறும் சிறுவர்கள் தங்கியிருக்கும் காட்டு முகாமுக்கும் ஊருக்குமிடையே போய்வந்து, தாய்மாரிடம் உணவு கேட்டு வாங்குவது அவற்றின் பணிகளுள் ஒன்று. டான் மொழியில் முகமூடிக்கு வழங்கும் சொல் மரத்துண்டைக் குறிப்பதன்று. அதன் வழியாக ஊருக்குள் வரும் ஆவியையே குறிக்கிறது. கனவில் ஒருவருக்குத் தோன்றி, தனக்கு ஓர் உருவம் செய்து தரும்படி அந்த ஆவி கேட்கும் என்று அம்மக்கள் நம்புகிறார்கள். அப்படிப் பார்த்தால் நம் கையிலிருப்பது வந்துபோனவரின் மேலாடை மாத்திரமே.

இந்த இடத்தில்தான் கிழக்கிலங்கைத் தமிழருக்கு ஒரு வசதி உண்டு என்று நான் எண்ணுகிறேன். நமது கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் அம்மனின் முகவடிவான முகக்களை ஆண்டு முழுவதும் பெட்டிக்குள் இருக்கிறது. வைகாசியில் கதவு திறக்கும்போது அது வெளியே வந்து, கும்பத்தில் பொருந்தி, பட்டும் பூவும் சாத்தப்பட்டு, உடுக்கும் பாட்டும் குரவையும் சூழ அம்மனாக அமர்கிறது. அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்ததும் மீண்டும் உள்ளே போகிறது. அந்த முகக்களையை மட்டும் எடுத்து வெள்ளைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, கீழே பெயர் எழுதி வைத்தால் என்ன எஞ்சும்? ஆப்பிரிக்க முகமூடியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாமற்போன ஆடை, நார், மேளம், பாட்டு, நடை, கூடி நின்ற ஊர் ஆகிய அனைத்தையும் மனத்தால் திரும்பப் பொருத்துவதே பார்க்கும் முறையின் மையம். ஐவரி கோஸ்டின் பவுலே மக்களிடமும் முகமூடிகள் ஆடாத நாள்களில் துணியில் சுற்றிக் கண்ணில் படாமல் வைக்கப்பட்டிருந்தன. ஊரார் மெச்சிய ஒருவரை, பெரும்பாலும் ஒரு பெண்ணை, மாதிரியாகக் கொண்டு செதுக்கிய முகமூடியும் அவர்களிடம் உண்டு. ஆட்டத்தின்போது அந்தப் பெண்ணே வந்து தன் மரமுகத்துடன் சேர்ந்து ஆடுவார்.

ஒப்புமை உதவும், ஒன்றென்று கொள்வது மயக்கும். குறிப்பாக, முகமூடி அணிவதை நம்மவர்கள் உரு ஏறுவதோடு ஒன்றாக்கிவிடுகிறார்கள். கோயிற் பூசகரான கட்டாடியார் ஆடும்போது அவரது முகம் திறந்தே இருக்கிறது. ஆடுபவர் இன்னாருடைய மகன் என்று ஊருக்குத் தெரியும், தெய்வம் அவருக்குள் வந்திருக்கிறது என்றும் தெரியும். மேற்கு ஆப்பிரிக்க மரபுகள் பலவற்றிலோ அணிந்தவரின் பெயரைச் சொல்வதே குற்றம். உடல் முழுவதும் மறைக்கப்படுகிறது, குரல் மாற்றப்படுகிறது, கையும் காலும்கூடத் தெரியாமல் மூடப்படுகின்றன. மனிதர் அங்கே இல்லை என்பதாகவே அனைவரும் நடந்துகொள்கிறார்கள்.

ஒரு மரபை ஆழமாக அறிந்துகொண்டால் மற்றவற்றைக் கேட்கும் கேள்விகள் தாமாக வரும். நான் மாணவர்களுக்கு எப்போதும் யொரூபா மக்களின் கெலெடேயையே முதலில் எடுத்துக்காட்டுவேன். நைஜீரியாவிலும் பெனினிலும் ஆடப்படும் இந்த ஆட்டத்தை யுனெஸ்கோ 2001 ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் வாய்மொழிப் பாரம்பரியத் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக அறிவித்தது. 2008 இல் அது உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆடுபவர்கள் ஆண்கள், போற்றப்படுபவர்கள் பெண்கள். முதிய தாய்மாருக்கு ஆக்கவும் அழிக்கவும் வல்ல ஆற்றல் உண்டு, அந்த ஆற்றலை மதித்துக் குளிர்வித்து ஊரின் நன்மைக்குத் திருப்ப வேண்டும் என்பதே கெலெடேயின் அடிப்படை. மதுரையை எரித்த கண்ணகியின் வெம்மையைத் தணிக்கக் குளிர்த்தி பாடும் ஊர்களைச் சேர்ந்த நமக்கு இந்த எண்ணம் அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் அங்கே குளிர்விக்கப்படுபவர்கள் தெய்வமும் முன்னோரும் மட்டுமல்லர், ஆட்டத்தைப் பார்த்தபடி அருகிலேயே அமர்ந்திருக்கும் கிழவிகளுந்தான்.

கெலெடே முகமூடி உச்சந்தலையில் அமர்வது. கீழ்ப்பகுதியில் அமைதியான பெண்முகம் இருக்கும். இமைகள் கனத்து, பார்வை நிதானமாக இருக்கும். அதன் மேலேயோ ஒரு பெரிய கலவரம் நடக்கும்: பாம்பு பறவையைப் பிடிக்கும், வணிகப் பெண் தட்டேந்துவாள், மோட்டார் சைக்கிளும் ஆகாய விமானமும் தையல் இயந்திரமும் செதுக்கப்பட்டிருக்கும். அமைதியும் பொறுமையும் தாயின் முகம். ஊரின் சண்டை சச்சரவு, நையாண்டி, புதுமை எல்லாம் அவள் தலைமேல் சுமக்கப்படுகின்றன. மோட்டார் சைக்கிள் இருப்பதால் அது மரபு கெட்டது என்று தள்ளிவிடாதீர்கள். நடப்பு வாழ்க்கையை ஏற்றுக்கொள்வதே அதன் மரபு. “கெலெடேயைக் கண்ட கண், காட்சிகளின் முடிவைக் கண்டது” என்பது யொரூபா மக்களின் முதுமொழி.

பெண்களே மரமுகமூடி அணியும் மரபு அரிது. சியரா லியோனிலும் அதையடுத்த லைபீரியப் பகுதிகளிலும் மெண்டே முதலான மக்களிடையே சாண்டே என்னும் பெண்கள் சங்கத்தில் அதைக் காணலாம். ஆண்கள் செதுக்கிக் கொடுக்கும் சோவெய் என்ற தலைகவிந்த கறுப்பு முகமூடியைச் சங்கத்தின் மூத்த பெண் அணிந்து, கறுப்பு நாராடையில் மறைந்து ஆடுவார். உயர்ந்த நெற்றி அறிவுக்கும், சிறிய மூடிய வாய் வீண்பேச்சில்லாத அடக்கத்துக்கும், கழுத்து மடிப்புகள் நல்ல உடல்வளத்துக்கும் அடையாளம். அந்த மடிப்புகளை, நீருக்குள்ளிருந்து எழும் ஆவியைச் சுற்றிய அலைவட்டங்கள் என்றும் சொல்வர். இச்சங்கத்தின் தீட்சைச் சடங்கில் பெண்ணுறுப்புச் சிதைப்பும் அடங்கியிருக்கிறது என்பதையும், அதை அந்நாட்டுப் பெண்களே இன்று எதிர்த்துப் போராடுகிறார்கள் என்பதையும் மாணவர்களிடம் மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. செதுக்கலின் அழகை மதிப்பதற்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

மாலியின் பண்டியாகரா மலைச்சரிவில் வாழும் டொகோன் மக்களுடைய கனாகா முகமூடி, இரட்டைக் குறுக்குச் சட்டம் கொண்ட மேலமைப்பால் எளிதில் அடையாளம் காணக்கூடியது. இறந்தோரின் துக்கத்தை முடித்து, அவர்களது ஆன்மாக்களை ஊரிலிருந்து வழியனுப்பும் டாமா என்ற சடங்கில் அது ஆடும். நமது அந்தியேட்டி 31 ஆம் நாளில் முடிகிறது. டாமாவோ செலவு பெரிதாகையால் பல இறப்புகளுக்குச் சேர்த்து, சில ஆண்டுகள் கழித்தும் நடத்தப்படும். ஆடுபவர் இடுப்பிலிருந்து வளைந்து சுழன்று, சட்டத்தின் முனை நிலத்தைத் தீண்டும்படி வீசுவார். ஆகவே கனாகாவின் முனை தேய்ந்திருந்தால் அதைக் குறையென்று எண்ணி மெருகேற்றாதீர்கள். இதே மக்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் சிகுயி விழா கடைசியாக 1967 முதல் 1973 வரை ஊர் ஊராக நகர்ந்து நடைபெற்றது. அதற்கென்று செதுக்கப்படும் நீண்ட பெருமுகமூடி எவராலும் அணியப்படுவதேயில்லை.

வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தின் இயல்பான பழுப்பே ‘உண்மையான’ ஆப்பிரிக்க நிறம் என்ற எண்ணம் அருங்காட்சியகப் படங்களால் வந்தது. புவா மக்களின் பலகைகள் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கட்டங்களால் நிறைந்தவை. கறுப்பு, கருவேல இனத்து நெற்றுகளைக் காய்ச்சி எடுத்த சாயம். சிவப்பு, இரும்புச்சத்துள்ள கல்லின் பொடி. ஆட்டப் பருவத்துக்கு முன்னர் முகமூடிகளை நீரில் ஊறவைத்துப் பூச்சிகளைக் கொன்று, பின்னர் புதிதாக வண்ணம் தீட்டுவார்கள். கறுப்புவெள்ளைக் கட்டங்களின் பொருள் தீட்சை பெற்றவர்களுக்குக் கற்பிக்கப்படுவது. வயதும் படியும் ஏற ஏற ஒரே கட்டத்துக்குப் புதிய விளக்கம் கிடைக்கும். ஆதலால் கோலத்தை இரசிப்பது போல் இரசித்து நிறுத்திவிடாமல், நமக்குச் சொல்லப்படாத பொருள் அதில் இருக்கிறது என்ற பணிவோடு பாருங்கள்.

கப்பலில் வந்தது பழையதா, சடங்கில் ஆடியதா என்று கேட்பவர்களுக்கு நேராகச் சொல்கிறேன்: துறைமுகச் சந்தையில் வாங்கியது அநேகமாக விற்பனைக்காகவே செதுக்கப்பட்டது. புகையிலும் சப்பாத்து மையிலும் கறுப்பேற்றிப் பழமை காட்டுவது பரவலான வழக்கம். உராய்வு இருக்க வேண்டிய உட்புறம் புதிதாகவும், உராய்வுக்கு இடமேயில்லாத கன்னம் தேய்ந்தும் இருந்தால் விளங்கிக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தென்னிலங்கையின் அம்பலாங்கொடையில் பயணிகளுக்காகச் செதுக்கப்படும் முகமூடியிலும் கைத்திறன் இருப்பது போல இதிலும் இருக்கிறது. சொல்லப்போனால், சடங்கிலிருந்து பிடுங்கப்படாத ஒன்றை வீட்டில் வைத்திருப்பதே மனத்துக்கு நிம்மதி. 1897 இல், இன்றைய நைஜீரியாவிலுள்ள பழைய பெனின் அரசின் அரண்மனையை ஆங்கிலேயப் படை சூறையாடியபோது எடுத்துச் செல்லப்பட்ட அரசி இடியாவின் தந்த முகம் இன்றும் இலண்டனில்தான் இருக்கிறது. எவரேனும் ‘கோயிலிலிருந்து வந்தது’ என்று பெருமை பேசி விற்றால் வாங்காதீர்கள் என்று கப்பலுக்குப் போகும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பேணுவதில் நமது ஊரின் காற்றுத்தான் முதற்பகை. வாடைக்காற்றோடு மாரி தொடங்கினால் சுவர் வியர்க்கும். கச்சான் காலத்தில் மரம் காய்ந்து வெடிக்கும். கடலைப் பார்த்த வெளிச்சுவரிலும், சமையலறைக்கு அருகிலும், நேர் வெயில் விழும் இடத்திலும் மாட்டக் கூடாது. உட்சுவரொன்றில், முகமூடிக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் அளவு இடைவெளி விட்டு, பின்புறத்தின் உறுதியான பகுதியில் தாங்கும்படி கொளுவுங்கள். விளிம்புத் துளைகளில் கம்பி கோத்துத் தொங்கவிட்டால் அவை பிய்ந்துவிடும். தூசியை மென்மையான வண்ணத் தூரிகையால் மட்டும் தட்டுங்கள். எண்ணெயும் நீரும் வேண்டாம். முதன்முதலாக என்னிடம் வந்த முகமூடிக்கு, மரச்சாமான் என்ற எண்ணத்தில் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தேன். கண்ணோரத்திலும் முடிக்கோடுகளிலும் இருந்த வெண்களிமண் பூச்சு அந்தத் துணியோடு போய்விட்டது. அதை இன்றும் வருத்தத்தோடுதான் பார்க்கிறேன். மேலே பொருக்குப் படிந்த முகமூடி என்றால் தூரிகையும் வேண்டாம். அந்தப் பொருக்கு படையலின் எச்சமாக இருக்கலாம்.

அடியில் மா போன்ற மரத்தூள் விழுந்திருந்தால் உளு பிடித்திருக்கிறது. உடனே மற்ற மரச்சாமான்களிலிருந்து பிரித்து, பொலித்தீன் பையில் காற்று வெளியேற்றி இறுக மூடி, பூச்சும் ஒட்டுவேலையும் இல்லாத வெறும் மரமானால், உறைகுளிர்ப் பெட்டியில் -18 பாகை செல்சியசில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்த பின்னர் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் மரத்தில் படியும். கறையானுக்கு அஞ்சி நஞ்சுத் திரவம் பூசுவோர் உண்டு. அது நிறத்தையும் கெடுக்கும், கையில் எடுப்பவரையும் கெடுக்கும்.

எங்கே மாட்டக் கூடாது என்பதில் இன்னொன்று முக்கியம். புதுவீட்டு வாசலில் கண்ணூறுக்குப் பூதமுகம் கட்டும் வழக்கத்தால், ஆப்பிரிக்க முகத்தையும் அதே வேலைக்கு வாசலில் தொங்கவிட்ட வீடுகளைக் கண்டிருக்கிறேன். அது ஒரு தாயின் முகமாகவோ ஊர் மெச்சிய அழகியின் முகமாகவோ இருக்கக்கூடும். அதைப் பேயாக்குவது அவமதிப்பு. சாமியறையிலும் வேண்டாம், நாம் அறியாத முறையில் வணங்குவது மரியாதையாகாது. வரவேற்பறையில், வயது வந்தவரின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும் சுவர் போதுமானது.

பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் அப்படியே பார்த்து வரையச் சொல்லாதீர்கள். கடதாசிக் கூழால் தத்தமக்குரிய முகத்தைச் செய்யச் சொல்லி, பனையோலைக் கீற்றுகளை விளிம்பில் கோத்து, தலையில் கட்டிக்கொண்டு பறைக்கு நடக்கச் சொல்லுங்கள். பார்வை எவ்வளவு குறுகுகிறது, மூச்சு எப்படி முட்டுகிறது, கழுத்து எதைச் சுமக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்வார்கள். அதன் பிறகு மரமுகமூடியைக் காட்டினால் அவர்கள் தாமாகவே அதைத் திருப்பி உட்புறத்தைப் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒரு தடித்த அட்டையில், யார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எவ்வளவு விலைக்கு வாங்கினார், விற்றவர் என்ன சொன்னார், எந்த மக்களுடையது என்று சொன்னார் என்பதைப் பென்சிலால் எழுதி, உறையிலிட்டு, முகமூடியோடு ஒரே இடத்தில் வையுங்கள். செதுக்கியவரின் பெயரைக் கேட்டறிந்திருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள். யொரூபா நாட்டில் 1938 இல் மறைந்த ஒலொவே போன்ற பெருஞ்செதுக்குநர்களின் பெயரைத் தம் ஊரார் பாட்டிலேயே பாடியிருக்க, கடல் கடந்து போன அவர்களது வேலைகளின் கீழ் நெடுங்காலம் ‘பெயர் தெரியாத கலைஞர்’ என்றே எழுதப்பட்டிருந்தது. வாங்கும் பிள்ளை கேட்டு வர மறந்திருந்தால், அடுத்த பயணத்தில் அதே கடைக்குப் போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். முதல் வரியை அதற்காக வெறுமையாக விட்டுவையுங்கள்.